பொம்மைக்குப் போட்ட சேலை

ஓடுகிறேன். காலில் செருப்பில்லை. பனிமூட்டம். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. வெடி. ஒன்று. கீழே அன்னாசிக் காட்டுப் பக்கம். இரண்டு பக்கமும் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். வேர் தடுக்குகிறது. விழுகிறேன். எழுகிறேன். வெடி. இரண்டு. பின்னால் யாராவது வருகிறார்களா, தெரியவில்லை. என் மூச்சுச் சத்தம் மற்ற எல்லாவற்றையும் மறைக்கிறது. கீழேயிருந்து ஒரு பெண் குரல் கத்துகிறது.

“ஓடு! ஏய், ஓடு! ஓடு!”

என்னைச் சொல்லவில்லை. குரங்கைச் சொல்கிறாள். எங்கள் மலையில் பழம் பழுத்தால் குரங்கு வரும். குரங்கு வந்தால் வெடி வைப்போம், கத்துவோம். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே ஓடினேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை அது. ஏழு வருடம் ஆகிறது. நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். செம்மேட்டிலிருந்து வரும் பஸ் எங்கள் வளைவில் காலை ஏழு பத்துக்கு ஹாரன் அடிக்கும். அந்த ஹாரன் கேட்டபோது என் வாய் பொத்தப்பட்டிருந்தது. அதற்கு முன் இரண்டு தடவை கத்தினேன். முதல் தடவை கத்தியபோது ஒரு வெடி. இரண்டாம் தடவை இன்னொன்று. ஓடும்போது கேட்டவை அதற்கப்புறம். மொத்தம் நாலு.

அன்று ஊரே பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தது. சாமைக் கதிர் பால் பிடித்து முற்றும் நேரம். குருவி விரட்ட ஆள் வேண்டும். நான் காட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் இடுக்கிப் பக்கம் ஏலத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அவன் வந்தான். அவன் எங்கள் ஊர். என்னை அண்ணி என்று கூப்பிட்டவன். பெயர் தீர்ப்பில் இருக்கிறது. இந்தத் தாளில் அவனுக்கு இடமில்லை. என் பெயரைப் போடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பல ஊர் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம். குண்டூர் நாட்டில் நாற்பது வீட்டு ஊர் ஒன்று, அவ்வளவு போதும்.

போர் என்று இதை எந்தப் பேப்பரிலும் போடவில்லை. நான் போடுகிறேன். ஒரு வீட்டுக்கு எதிராக முப்பத்தொன்பது வீடு நின்றால் அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது. மறந்துவிடு என்று என்னிடம் சொன்னவர்கள் நிறைய. மறக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

அத்தை பத்தே முக்காலுக்குக் கோயிலிலிருந்து வந்தார். அத்தை என்றால் என் வீட்டுக்காரரின் அம்மா. கையில் துளசித் தீர்த்தம். நான் மாட்டுக் கொட்டகையில், கன்றுக்குட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பார்த்தார். “கண்ணு” என்றார். ஒரே தடவை. கதவைச் சாத்தினார். வெந்நீர் வைத்தார். மஞ்சள் போட்டுத் தலையோடு ஊற்றினார். தண்ணீர் தீர்ந்தது. மறுபடி வைத்தார். மறுபடி ஊற்றினார். அந்தக் குளியல் தப்பு என்று பிற்பாடு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அத்தைக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். என் ஊதாச் சேலையையும் கை கிழிந்த பச்சை ஜாக்கெட்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள், புதன்கிழமை, வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். வீட்டில் துண்டு துண்டாகச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டார். எல்லாம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

“ஏம் புள்ள கத்தல?”

“கத்துனேனுங்க. வெடி வெச்சுட்டாங்க.”

அவர் திரும்பவும் கேட்கவில்லை. ஆனால் கேட்டது கேட்டதுதான். ஏழு வருடமாக அந்த மூன்று சொல்லை என்னால் வெளியே தள்ள முடியவில்லை.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனோம். ஒரு பெண் போலீஸ் எதிரே உட்கார்ந்து, பயப்படாமல் சொல்லும்மா என்றார். நல்லவர். நான் வாயைத் திறந்தேன். “மூட்டமா இருந்துச்சுங்க” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி கேட்டார். மறுபடியும் மூட்டம். நாலு தடவை. பன்னிரண்டாவது வரை விடுதியில் தங்கிப் படித்தவள் நான். பேச்சுப் போட்டியில் டிபன் பாக்ஸ் வாங்கியவள். அன்று நாக்கு பலாப் பிசின் போல ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். ஒன்றரைப் பக்கம். எனக்கு நடந்ததை இன்னொருவர் வாயில் கேட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு அந்தப் பெண் போலீஸ் துணியைக் கேட்டார். அன்றைக்குக் கட்டியிருந்தது எங்கே? நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தரையைப் பார்த்தார்.

“காட்டுல பொம்மைக்குப் போட்டுட்டேனுங்க.”

ஜீப்பில் காட்டுக்குப் போனோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாமைக் காட்டின் நடுவில் குருவி விரட்டும் பொம்மை நிற்கிறது. குறுக்கே கட்டிய மூங்கில், கை. கவிழ்த்த பானை, தலை. அதற்கு என் பச்சை ஜாக்கெட். அதைச் சுற்றி என் ஊதாச் சேலை. கிழிந்த கை காற்றில் ஆடுகிறது. ஏழு நாள். அதில் ஐந்து நாள் மழை. தூரத்தில் பார்த்தபோது நான் இன்னும் அங்கேயே நிற்கிறேன் என்று நினைத்தேன். ஓடி வந்தவள் வேறு யாரோ. என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் போலீஸ் ஊக்கைக் கழற்றி, துணியைப் பைக்குள் போட்டு, வாயைக் கட்டினார். “எல்லாம் போச்சேம்மா” என்றார். யாரையும் திட்டவில்லை.

அத்தை செய்த கணக்கு வேறு. எரித்தால் புகை ஊருக்குச் சொல்லிவிடும். வீசினால் யாராவது எடுத்துக் கட்டுவார்கள், கெட்டது அவர்களுக்குப் போகும். வீட்டில் வைக்கக் கூடாது. பொம்மைக்குப் போட்டால் யார் கேட்பார்கள்? பழைய துணி பொம்மைக்குத்தானே போகும்? ஊர்க் கண் எல்லாம் அதன் மேல் விழுந்து கழியட்டும் என்று நினைத்திருக்கிறார். எங்கள் மலையில் எந்த வீட்டிலும் இதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அன்று எனக்கு அத்தை மேல் வந்த கோபம் அவன் மேல்கூட வரவில்லை. எழுதக் கூசுகிறது. இருந்தாலும் அதுதான் நடந்தது.

அவனைப் பிடித்தார்கள். சண்டை ஆரம்பித்தது.

முதலில் தண்ணீர். பொதுக் குழாயில் என் குடம் வரிசையில் வைத்தால் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். பிறகு பாதை. எங்கள் காட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் முள் வெட்டிப் போட்டார்கள். பிறகு ஊர்க்கூட்டம். அவனுடைய பெரியப்பா, ஊரில் பெரிய மனிதர், ஆள் அனுப்பினார். கோயிலில் வைத்துத் தீட்டுக் கழித்துவிடலாம். அவன் எல்லோர் முன்னாலும் விழுந்து கும்பிடுவான். கேஸை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் நம்ம சனம். இதுதான் சேதி. என் வீட்டுக்காரர் முடியாது என்று சொல்லி அனுப்பினார். அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தகரக் கூரையில் கல் விழுந்தது. மூன்று. இரண்டு சின்னது. ஒன்று பெரியது. பெரியது இன்னும் வாசலில் கிடக்கிறது. அதன் மேல் உரல் துடைக்கும் துணி காயப் போடுகிறேன்.

நாமக்கல்லிலிருந்து மாதம் ஒரு முறை ஒரு அம்மா வருவார். இப்படிப்பட்டவர்களுக்குத் தைரியம் சொல்கிற வேலை. கலர் பென்சிலும் நோட்டும் கொடுத்தார். மனசில் வருவதை வரையுங்கள், ஆறும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் மாடு வரைந்தால் நாய் மாதிரி இருக்கும். நோட்டில் மளிகைச் சாமான் எழுதினேன்.

காட்டில் அப்போது பொம்மை இல்லை. துணியோடு பானையையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்கள். வெறும் மூங்கில் சிலுவை மாதிரி நின்றது. குருவிகளுக்குக் கொண்டாட்டம். அரைக் காடு பதராகப் போனது. வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கும் வக்கீலுக்கும் அலைந்தார். அத்தை அந்தக் காட்டில் கால் வைக்க மாட்டேன் என்றார். ஐப்பசி இரண்டாம் செவ்வாய், காலை ஒன்பது மணி. நான் வைக்கோல் கட்டை எடுத்துத் தலையில் வைத்தேன். அத்தை பதறினார்.

“போவாத சாமி!”

போனேன். வேறென்ன செய்வது? கோர்ட்டு சோறு போடாது. சாமைதான் போடும்.

பானை உடைந்து கிடந்தது. விதை வைக்கிற சுரைக்குடுக்கை ஒன்று கொண்டு போயிருந்தேன். தலைக்கு. வைக்கோலைத் திரித்துக் கை, கால், இடுப்பு கட்டினேன். முடிச்சு மூன்று தடவை அவிழ்ந்தது. பிறகு குடுக்கையில் கண் தோண்டினேன். கத்தி வழுக்கியது. கண்ணுக்குக் கீழே, வாய் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை. சரி, போகட்டும் என்று ஓரத்தை வட்டமாகச் செதுக்கி, கம்பில் மாட்டினேன். வீட்டுக்கு வந்தேன்.

பத்தே கால் இருக்கும். மலையில் காற்று ஏறியது. ஒரு சத்தம் வந்தது. ஊ என்று, தாழ்ந்த குரலில், நீளமாக. நின்றது. மறுபடி வந்தது. அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். காற்று குடுக்கையின் வாயில் பட்டு ஊதுகிறது. எனக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. புரிந்ததும் வாசலில் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் அழுகை. ஒரு வெடியும் அதை மறைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். வாசலில் நின்று கேட்டார். காற்று அடங்கும் வரை நின்றார். மறுநாள் சந்தைக்குப் போனவர் முதுகில் ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். காய்ந்த சுரைக்குடுக்கை, பதினாலு. ஊரிலிருந்து ஊருக்கு நடந்து கேட்டு வாங்கியிருக்கிறார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர். குடுக்கை வாங்கத் தெரிந்தது.

அப்படி ஆரம்பித்தது. முதல் பொம்மைக்குக் குருவிகள் நாலு நாள் பயந்தன. ஐந்தாம் நாள் அதன் தலையிலேயே உட்கார்ந்து எச்சம் போட்டன. அடுத்தது செய்தேன். ஓட்டை சின்னதாக இருந்தால் குரல் மெல்லிசு. பெரிதானால் கட்டை. கழுத்து நீண்ட குடுக்கை இரண்டு குரலில் பேசும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. குடுக்கை கெட்டுக் கெட்டு நானே கற்றேன். விதைக் குடுக்கையை எல்லாம் ஓட்டை போட்டால் விதையை என் தலையிலா வைக்கிறது என்று அத்தை புலம்பினார். அவர் புலம்பியது எனக்கு நன்றாக இருந்தது. வீட்டில் மறுபடி சண்டை போட ஆள் இருந்தது.

ஒவ்வொரு பொம்மையும் ஒரு நிலையில் நின்றது. முதலில் தெரியாமல் செய்தேன். மூன்றாவது செய்யும்போது தெரிந்தது. ஒன்று, குருவி விரட்டத் தட்டும் தகர டின்னை எடுக்கக் குனிகிறவள். ஒன்று, பின்னால் சத்தம் கேட்டுத் திரும்புகிறவள். ஒன்று, முந்தானையைப் பிடித்து இழுக்கிறவள். கடைசியில் ஓடுகிறவள். அவளை வரப்பில், ஒரு கால் தரையில் படாத மாதிரி நிறுத்த எனக்கு ஆறு நாள் ஆனது. நடுவில் ஒரு இடம் காலி. அந்த நிமிடத்துக்குப் பொம்மை இல்லை. மூங்கிலை மட்டும் நட்டு வைத்திருந்தேன். அதன் பக்கம் போகாமல் வரப்பைச் சுற்றிப் போவேன்.

கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் அவன் ஜாமீனில் வந்தான். மத்தியானம் இரண்டு மணி. சரவெடி. ஊர் வாசலிலிருந்து அவன் வீடு வரை. அத்தை காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். நான் நின்று கேட்டேன். மூன்று நிமிடம் வெடித்தது. முடிந்ததும் எங்கள் வீட்டைப் பார்த்து ஒரு குரல்.

“கேஸ வாங்கு! இல்லீன்னா மல எறங்கு!”

நான் அரிவாளை எடுத்தேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார். விடுங்கள், வைக்கோல் அறுக்கத்தான் என்றேன். காட்டுக்குப் போனேன். அந்தக் காலி இடத்துக்குப் பொம்மை கட்டினேன். கை விரித்து, மண்ணில் மல்லாந்து படுத்த பொம்மை. வாய் வைக்கவில்லை. வீட்டுக்காரர் வரப்பில் நின்று பார்த்தார். படுத்துக் கிடந்தால் குருவி எப்படிப் பயப்படும் என்று கேட்டார். கேட்டுவிட்டு, எந்த இடத்தில் படுக்க வைத்திருக்கிறேன் என்று பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். போய்விட்டார். நான் பொம்மையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொழுது சாயும் வரை. அவளிடம் பேசினேன். என்ன பேசினேன் என்பது எனக்கும் அவளுக்கும்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். பனி நனைத்து வைக்கோல் கனத்திருந்தது. தூக்கி நிறுத்தினேன். தனியாக. ஏழு பத்துக்குப் பஸ் ஹாரன் அடித்தது. குடுக்கையைக் கழற்றி வாய் வெட்டினேன்.

பொம்மை செய்தால் ஆறிவிடுமா என்று இப்போது கேட்கிறார்கள். ஆறவில்லை. உள்ளே இருந்தது வெளியே நின்றது. வெளியே நின்றால் சுற்றி வந்து பார்க்கலாம். வேண்டாம் என்றால் வீட்டுக்கு வரலாம். அதற்கு முன் அது என்னோடுதான் படுத்தது, என்னோடுதான் எழுந்தது. இந்த வித்தியாசம் சின்னதா பெரியதா என்று பட்டவர்களைக் கேளுங்கள்.

தை கடைசியில் மிளகுக் கொடியை வெட்டினார்கள். அடித்தண்டில், மண்ணை ஒட்டி, ஒரே வெட்டு. வெட்டிய அன்று தெரியாது. இலை பச்சையாகவே இருக்கும். எட்டு நாள் கழித்து வாடியது. முப்பத்தேழு கொடி. காய் பறிக்க இருந்த கொடிகள்.

அந்த மாசியில்தான் பாப்பாயக்கா வந்தாள். பெயர் மாற்றியிருக்கிறேன். எங்கள் காட்டுக்குக் கீழே அன்னாசி போட்டிருந்தவள். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு தனியாள். அவனுக்கு அத்தை முறை. அன்று வெடி வைத்தவள், ஓடு ஓடு என்று கத்தியவள். இந்த ஐந்து மாதத்தில் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. குரங்கு ரொம்ப ஆகிவிட்டது, தன் காட்டுக்கும் ஒரு பொம்மை வேண்டும் என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். கட்டிக் கொடுத்தேன். கழுத்து நீண்ட குடுக்கையாகப் பார்த்து வைத்தேன். வேண்டுமென்றேதான். நான் ஒன்றும் அம்மன் இல்லை.

பத்து நாள். பதினோராம் நாள் காலையில் வந்தாள். கண் வீங்கியிருந்தது. பொம்மையை எடுத்துவிடு, காற்றடித்தால் வீட்டில் இருக்க முடியவில்லை என்றாள். எடுக்க மாட்டேன் என்றேன். வேண்டுமானால் நீயே எடு என்றேன். அவள் போனாள். பொம்மையை எடுக்கவில்லை. எங்களோடு பேசவும் இல்லை. இரண்டு வருடம் அப்படியே போனது.

கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டது மூன்றாம் வருடம் ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை. அதற்கு முதல் வாரம் அத்தையைக் கூப்பிட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எழுபது வளைவும் ஏறும் வரை அத்தை பேசவில்லை. வீட்டில் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “துணியக் கேட்டாங்க கண்ணு. பொம்மைக்குப் போட்டேன்னேன். வக்கீலு சிரிச்சாரு.” நான் செம்பை எடுத்துக் கழுவி வைத்தேன்.

என் முறை வந்தபோது மலை இறங்கும் வழியில் மூன்று தடவை வாந்தி. கோர்ட்டில் கதவைச் சாத்தினார்கள். என்னையும் அவனையும் தவிர உள்ளே ஏழு பேர். அவனைத் திரைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். அவன் இருமினான். மூட்டம் என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் வராவிட்டால் கேஸ் அன்றோடு முடிந்தது. துணி ஏற்கெனவே மழையில் போய்விட்டது. மிச்சம் இருந்தது என் வாய் ஒன்றுதான்.

அவனுடைய வக்கீல் போட்டோக்களை எடுத்தார். என் பொம்மைகள். அவன் தம்பி செல்போனில் பிடித்தது. ஒவ்வொன்றாக நீதிபதி அம்மாவிடம் காட்டினார். இது எல்லாம் நீங்கள் செய்ததா? ஆமாம். ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், தெரியுமா? தெரியும். உங்களுக்கு மனசு சரியில்லை என்று நாமக்கல்லிலிருந்து ஒருவர் வந்து பார்க்கிறாரா? ஆமாம். பிறகு குரலை இறக்கி, சிநேகமாகக் கேட்டார். உங்களுக்குக் கற்பனை அதிகம் இல்லையா? இல்லாததையும் கையால் செய்கிறீர்கள்.

என் கையால் செய்ததை எனக்கு எதிராகவே நீட்டினார். கோபம் வந்தது. நல்ல கோபம். போட்டோவைக் கையில் கொடுங்கள் என்றேன். கொடுக்கச் சொன்னார் நீதிபதி அம்மா. வரிசை மாறியிருந்தது. சரியாக அடுக்கினேன்.

“நடந்ததத்தாங்க செஞ்சேன். வரிசையாச் சொல்றேனுங்க.”

சொன்னேன். இது டின் எடுக்கக் குனிந்தது. இது சத்தம் கேட்டுத் திரும்பியது. இது முந்தானை. இங்கே ஒரு வெடி. இங்கே இன்னொன்று. இந்தப் பொம்மை இப்போது நிற்கிறது, முதலில் படுத்திருந்தது, இந்த இடத்தில் பஸ் ஹாரன் கேட்டது. கை நடந்த வழியில் வாய் நடந்தது. நடுவில் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து சொன்னேன். டைப் அடிக்கிற பெண் ஒரு இடத்தில் நிறுத்தி மூக்கைத் துடைத்தாள். ஒன்றரை மணி நேரம். வக்கீல் போட்டோவைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

ஆவணியில் பாப்பாயக்கா தானாகப் போய்ச் சாட்சி சொல்ல நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அரசு வக்கீல் மனுப் போட்டு அவளைச் சேர்த்தார். உள்ளே என்ன சொன்னாள் என்று தீர்ப்பில்தான் படித்தேன். இரண்டு தடவை ஒரு பெண் கத்தியதைக் கேட்டேன். பிறகு அவன் தன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இறங்கிப் போனதைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறாள். சாட்சி சொல்லிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றே பேசினாள்.

“கொரங்கு வெரட்டுற சத்தம்னு நெனச்சேன் கண்ணு. இல்ல. அப்படி நெனச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

உள்ளே வரச் சொன்னேன். வந்தாள். களி போட்டேன். சாப்பிட்டாள். மன்னித்தேனா என்று கேட்காதீர்கள். சாப்பாடு போட்டேன், அவ்வளவுதான்.

தீர்ப்பு வர இன்னும் இரண்டு வருடம் ஆனது. அவன் உள்ளே போனான். மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். போகட்டும். மறுபடி கூப்பிட்டால் மறுபடி சொல்வேன். இப்போது பதினொரு பொம்மை என் காட்டில். திண்ணனூர் நாட்டில் மூன்று பேர் கேட்டு வாங்கிப் போனார்கள். அதில் ஒருத்தி வந்த அன்று பொம்மை கேட்கவே இல்லை. கட்டுவது எப்படி என்று கேட்டாள். அவளுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. வைக்கோலைக் கையில் கொடுத்தேன். சாயங்காலம் வரை இருவரும் முடிச்சுப் போட்டோம்.

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அரைக் காட்டுச் சாமை. முப்பத்தேழு மிளகுக் கொடி. என் வீட்டுக்காரருக்கு மூன்று வருடத்து ஏலத் தோட்ட வேலை. அவரும் நானும் ஒரே கூரையின் கீழ் முகம் பார்க்காமல் கிடந்த பதினாறு மாதம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னோடு தண்ணீருக்கு வந்த தோழிகள் இரண்டு பேர். அவர்கள் இன்னும் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள். பாப்பாயக்காவுக்கு அன்னாசிக் காடு போனது, அண்ணன் வீடு போனது. ராசிபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். அங்கே குரங்கே இல்லை, பொழுது போகவில்லை என்று போனில் சொல்கிறாள்.

உயிர் ஒன்று. அத்தை. தீர்ப்புக்கு நாலு மாதம் முன்னால், மாசியில், மார்ச்சளி வந்து ஆறு நாள் படுத்திருந்தார். நாலாம் நாள் மத்தியானம் என் கையைப் பிடித்தார். “அந்தத் துணியால கேஸு போயிருமா கண்ணு?” என்று கேட்டார். தூங்குங்கத்தை என்றேன். ஐந்தாம் நாளும் கேட்டார். கஞ்சி குடிங்கத்தை என்றேன். ஆறாம் நாள் கேட்கவில்லை. ஊர் பேர் தெரியாத ஏழு பேர் நடுவில் ஒன்றரை மணி நேரம் பேசியவள் நான். உங்கள் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை, அடுப்படியில், நாலடி தூரத்தில், அவரிடம் சொல்லவில்லை. வாய் வராமல் இல்லை. எனக்கு இன்னும் கோபம் இருந்தது.